ஆறு கொடுத்த மண்ணை அள்ள விடலாமா?



நம்ம டெல்டா மண்ணை யார் கொடுத்தது? மேட்டை அரிச்சு, வண்டலைச் சுமந்து வந்து, வேகம் தளர்ந்த சமவெளியில் காவிரி படியவிட்ட மண் இது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிடுது. வரத்து குறைஞ்ச ஆற்றில் இருக்கிற மணலையும் பொக்லைன் வைத்து அள்ளினால்?

ஆறு பள்ளமாகும், வாய்க்கால் தலைப்பு மேடாகும். கண்ணெதிரே தண்ணி ஓடும், வயலுக்கு ஏறாது! கரை சரியும், ஊற்று வற்றும், கடைமடையில் உப்புநீர் புகும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் அடிச்சிட்டுப் போச்சு. அணை பழசு என்றது அரசு. அடிமணலை அள்ளியதற்கு யார் பதில் சொல்வது?

ஊருக்கு ஊர் கிராமசபையில் தீர்மானம் போடுவோம்! மணல் கொள்ளையைத் தடுப்போம்!