இலவசம் எல்லாம் ஒன்றல்ல



சில மாதங்களுக்கு முன், மஃரிபுக்குப் பிந்திய வகுப்பில் அமானத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிறர் பொருளை அவர் அனுமதியின்றி எடுத்தால், அது ஒரு பேனாவாக இருந்தாலும் மறுமையில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் தேர்வு வினாத்தாளை அச்செடுக்க மதரஸாவின் கணினியைத் திறந்தேன். உதவிக்கு நின்ற பன்னிரண்டு வயது மாணவன், திரையின் மூலையில் ஆங்கிலத்தில் தோன்றிய வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்: "உஸ்தாத், இந்த விண்டோஸ் அசல் இல்லைன்னு வருதே, அப்படின்னா என்ன?"

"பிறகு சொல்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டேன். அந்தப் 'பிறகு' வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. கணினியை வாங்கியபோது கடைக்காரர் போட்டுக்கொடுத்த மென்பொருள்களுக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. கேட்கவும் இல்லை, இலவசம் என்று எண்ணிக்கொண்டோம். அந்த மூன்று வாரங்களில் இலவசம் என்ற சொல்லைப் பற்றி நான் யோசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளுக்குள் இன்று மூன்று வகையான இலவசங்கள் வருகின்றன. ஒன்று திருடப்பட்டது, மற்றொன்று தூண்டிலில் கோக்கப்பட்டது, மூன்றாவது மனமுவந்து கொடுக்கப்பட்டது. மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதே நம் குழப்பத்திற்குக் காரணம்.

திருடப்பட்ட இலவசம்

என் வயதை ஒத்தவர்களுக்குத் தொண்ணூறுகளின் கோடை விடுமுறை நினைவிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து விளையாடும் கருவி ஒன்று தெருவில் ஒரு வீட்டிலாவது இருக்கும். மரியோவும் கான்ட்ராவும் விளையாட அந்த வீட்டு வாசலில் வரிசை நிற்கும். அவை பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட கருவியின் நகல்கள் என்பது அன்று நமக்குத் தெரியாது. கேசட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் ஒரு சில விளையாட்டுகளே பெயரும் எண்ணும் மாறித் திரும்பத் திரும்ப வரும். நகலெடுத்தவர் நம்மிடமும் பொய்தான் சொன்னார்.

இன்று கருவிகள் மாறிவிட்டன, பழக்கம் மாறவில்லை. ப்ளேஸ்டேஷனின் பூட்டை உடைத்து, விலை கொடுக்காமல் விளையாட்டுகளை ஏற்றித் தரும் கடைகள் உள்ளன. படம் வரைய, கணக்கு எழுத, திருமணப் பத்திரிகை அடிக்க நாம் பயன்படுத்தும் மென்பொருள்களிலும் பூட்டு உடைக்கப்பட்டவை எத்தனையோ!

இது மார்க்கத்தில் பேசப்படாத விஷயமன்று. கையால் தொட்டுப் பார்க்க இயலாத ஓர் உரிமையை விற்கலாமா என்பதில் முற்காலத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆயினும் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாம் அமர்வில், நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புப் பெற்றவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. இப்பேச்சு எழும்போதெல்லாம் நாம் சொல்லும் இரண்டு சமாதானங்களைப் பார்ப்போம்.

முதலாவது: "அவன் கோடீஸ்வரன், நம் ஐயாயிரம் ரூபாயால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்?" செல்வந்தர் வீட்டு மாமரத்தில் மாங்காய் பறித்த பிள்ளை இதே வாதத்தைச் சொன்னால் நாம் ஏற்பதில்லை. பறிகொடுத்தவரின் செல்வத்தைக் கொண்டு பறித்தவரின் குற்றம் அளக்கப்படுவதில்லை.

இரண்டாவது சமாதானம் பக்தியின் உடையில் வருகிறது: "அந்த நிறுவனம் நம் சமுதாயத்துக்கு அநீதி செய்வோருக்குத் துணை நிற்கிறது, அதனால் அதன் பொருளைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதில் தவறில்லை." புறக்கணிப்பு என்றால் அந்தப் பொருளை விட்டு விலகுவது. பொருளையும் விடாமல், விலையும் கொடுக்காமல், அதற்குப் போராட்டம் என்று பெயரிடுவது எவ்வகையில் நேர்மை? நமக்குப் பகைவராயினும் அவர் ஒப்படைத்த அமானத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாம். மக்கா நகரமே எதிர்த்து நின்ற வேளையிலும், ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்கள் வைத்திருந்த அமானத்துகளைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றதை நம் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்லித் தருகிறோம். அந்தக் கதை நமக்கும்தான்.

தூண்டிலில் கோத்த இலவசம்

இரண்டாம் வகை இலவசத்தில் திருட்டு எதுவும் இல்லை. கொடுப்பவரே அழைத்துக் கொடுக்கிறார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு நாம் பணம் கட்டுவதில்லை. எனினும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருவாய் அநேகமாக முழுவதும் விளம்பரத்திலிருந்தே வருகிறது. விளம்பரதாரர் விலைக்கு வாங்குவது நம் கவனத்தை. நாம் திரையில் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு அவர்களுக்கு ஆதாயம். எனவேதான் இஷா தொழுதுவிட்டு ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று எடுத்த கைப்பேசி ஃபஜ்ரைக் காவு வாங்குகிறது. திரையைத் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் அமைப்பைத் தற்செயல் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த உத்தியை 2006இல் உருவாக்கிய ஏஸா ராஸ்கின் என்ற பொறியாளரே பிற்காலத்தில் அதற்காக வருந்தியிருக்கிறார்.

தூண்டில் நம் இபாதத் வரைக்கும் வந்திருக்கிறது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்ற செயலியின் பயனர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் ஒரு தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றது என்றும், அந்த வணிகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்கள் இருந்தனர் என்றும் 2020 நவம்பரில் அமெரிக்கச் செய்தி ஊடகம் ஒன்று வெளியிட்டது. இராணுவத்துக்கு எதையும் விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், அந்தத் தரவு வணிகருடனான உறவை முறித்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விலையில்லாப் பொருளின் விலை எங்கே வசூலாகிறது என்று தொழுகை நேரம் பார்க்கும்போதும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன். நேரத்தைக் கணக்கிட ஊரின் இருப்பிடம் போதும். நம் ஒவ்வோர் அடியும் தேவையில்லை. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை யாரையும் பின்தொடர்வதில்லை.

விளையாட்டுகளில் இந்தத் தூண்டில் இன்னும் கூர்மையானது. கைப்பேசியில் இலவசமாக இறங்கும் பல விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கித் திறக்க வேண்டும். நல்ல ஆயுதம் வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் மறுபடியும் வாங்க வேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே சில பிரபல விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. சூதை ஹராம் என்று அறிந்த நம் வீடுகளில், சீட்டுக்கட்டைக் கண்டால் பதறும் உம்மாவின் கைப்பேசியிலேயே பிள்ளை இந்தப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்கிறான்.

இதனால் நான் சொல்லப்போவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கூடத்தில் அனைவர் கண்ணிலும் படும்படி வைத்த ஒரு கன்சோலும், விலை கொடுத்து முறையாக வாங்கிய இரண்டு மூன்று விளையாட்டுகளும், போர்வைக்குள் கைப்பேசியில் விளையாடும் 'இலவச' விளையாட்டைவிட மேலானவை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, முடிவு என்று ஒன்று உள்ள விளையாட்டு, விளையாடி முடிந்ததும் பிள்ளையை விட்டுவிடுகிறது. ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று பெற்றோர் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. வாங்கச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் திண்ணையில் தாயம் ஆடுவதும் தெருவில் பந்து விளையாடுவதும் அதைவிடச் சிறந்தவை. கன்சோல் கேட்கும் பிள்ளையிடம் சீறிவிட்டு, வாயை மூட வைப்பதற்காகக் கைப்பேசியைக் கொடுக்கும் வாப்பாவிடம்தான் இதைச் சொல்கிறேன்.

கொடையாக வந்த இலவசம்

மூன்றாம் வகையைப் பற்றி நம் மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தில் அந்த இயக்கம் தொடங்கியது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். உலகெங்கும் உள்ள பல்லாயிரம் பொறியாளர்கள் எழுதி, பகிர்ந்து, திருத்தி வளர்த்தவை இவை. யாரும் பயன்படுத்தலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். குனூ பொது உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: திருத்தி மற்றவருக்கு வழங்குபவர், தமக்குக் கிடைத்த அதே உரிமையை அவருக்கும் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு வக்ஃபு நினைவுக்கு வந்தது. ஊருக்காக வக்ஃபு செய்த கிணற்றில் எவரும் நீர் இறைக்கலாம். எவரும் அதற்கு வேலி போட்டுத் தம் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. இரண்டும் ஒன்று என்று ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை, ஒப்புமையாகவே சொல்கிறேன். ஆனால் இப்படி ஒரு கிணறு பக்கத்தில் இருக்கும்போது, அடுத்தவர் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்து நீர் எடுப்பவர் 'நிர்ப்பந்தம்' என்று சொல்ல முடியாது. "ஏழை மதரஸா, வேறு வழியில்லை" என்ற என் சமாதானம் அங்கேதான் உடைந்தது.

மதரஸாவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை நிறுவிக்கொடுத்தார். வினாத்தாள்களுக்கும் வரவு செலவுக்கும் லிப்ரே ஆபிஸ், துண்டறிக்கைகளுக்கு இங்க்ஸ்கேப், புகைப்படத்துக்கு கிம்ப். அரபிக்கு அமீரி எழுத்துரு. கெய்ரோவின் பூலாக் அச்சக எழுத்தழகைத் தழுவி ஆக்கி, அனைவருக்கும் பொதுவாக விடப்பட்டது. இவை அனைத்துக்கும் ஒரு ரூபாயும் செலவில்லை, ஒரு பூட்டும் உடைக்கப்படவில்லை.

எல்லாம் எளிதாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். பாமினி எழுத்துருவில் இருந்த பத்தாண்டு வினாத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு மாதம் ஆயிற்று. பழைய கோப்புகளில் அட்டவணைகள் கலைந்தன. "பழகியதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று நிர்வாகத்தில் ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். அவருடைய சினமும் நியாயமே. ஹலாலான சம்பாத்தியத்தைப் போல ஹலாலான கருவிக்கும் கொஞ்சம் உழைப்புத் தேவைப்படுகிறது. சில வேலைகளுக்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருளே ஏற்றதாக இருக்கும். அப்போது வாங்கிவிடுவதுதான் முறை. இயலாவிட்டால் அந்த வேலையை அச்சகத்தாரிடம் கொடுத்துவிடலாம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வீட்டுக்குள் இலவசமாக எது வந்தாலும் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு, "இதை யார் உழைத்துச் செய்தார்? அவர் மனமுவந்து கொடுத்தாரா? பதிலுக்கு நம்மிடம் எதை எடுக்கிறார்?" என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய பிள்ளை, நாம் பெயர் கூட அறியாத நாளைய செயலிகளையும் தானே எடைபோட்டுக்கொள்ளும். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான தவறுகளுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் ஹக்கோ உரியவரிடம் தீர்க்கப்பட வேண்டியது. முகம் தெரியாத எத்தனை பேரிடம் போய் நாம் தீர்ப்பது? கடன் ஏறாமல் இருப்பதே நலம்.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவனை அழைத்தேன். "அன்றைக்கு நீ கேட்டாயே, அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது நாம் விலை கொடுக்காமல் எடுத்த பொருள். இப்போது அதை நீக்கிவிட்டோம்" என்றேன். அவன் புதிய திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது யாருடையது உஸ்தாத்?" என்றான். "எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது" என்றேன். "அப்படின்னா எங்க வீட்டுக்கும் ஒண்ணு கொடுங்க" என்றான். கொடுத்தேன்.

நமக்கு ஹலாலானதைப் போதுமானதாக்கி, ஹராமை விட்டும் பிறர் ஹக்கை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.