வெயிலில் வாடும் குதிரை



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். செமினிக்கு அருகே குதிரை பராமரிக்கும் வேலை. பட்டணத்திலிருந்து வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் சுற்றிக் காட்டுவான். சவாரிக் கணக்கில்தான் கூலி.

"சார், போன வாரம் நண்பகல் சவாரி முடிந்ததும் ஒரு குதிரை தள்ளாடியது. மூச்சு இரைத்தது. வாளித் தண்ணீரை ஊற்றப் போனேன். 'சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும்' என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். எப்படியோ பிழைத்தது. நான் செய்யப் போனது தவறா, சார்?" என்று கேட்டான்.

தவறே இல்லை. பெரியவரையும் குறை சொல்வதற்கில்லை. கோலாலம்பூரில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். குதிரை வளர்த்தவர்கள் உலகெங்கும் அப்படித்தான் நம்பினார்கள். 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெயிலில் மிகவும் சோர்ந்துபோயின. அதனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதால் கெடுதல் இல்லை, அதுவே நல்ல மருந்து என்று தெரிந்தது.

காரணம் எளியது. மனிதனைப் போலவே குதிரையும் வேர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வேர்வைகூட வெளியேறும். வேர்வை உலர்ந்தால்தான் சூடு தணியும். நம் நாட்டு ஈரக் காற்றில் அது உலராமல் சொட்டிப்போகிறது. உடம்பிலுள்ள நீரும் உப்பும்தான் வீணாகின்றன.

ஆகவே, குதிரை இரைத்தால் உடனே ஆளை இறக்கி, சேணத்தைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் நிறுத்த வேண்டும். கழுத்து, முதுகு, தொடை என்று உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சு சீராகும் வரை. ஈரச் சாக்கைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குடிக்கவும் தாராளமாகத் தண்ணீர் வைக்கலாம். கொட்டிலில் உப்புக்கட்டி இருக்கட்டும். மற்றக் குதிரைகள் நனைந்திருக்க ஒன்று மட்டும் தோல் உலர்ந்து இரைத்தால், அதற்கு வேர்க்கும் சக்தியே குறைந்துவிட்டது என்று பொருள். குளிர் நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு இது நேர்வதுண்டு. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். பால்வெட்டுக்கு நம் பெற்றோர் விடியுமுன்னே பிரட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறினால் மரமே பால் தராது. குதிரைக்கு மட்டும் நடுப்பகலா?

"நண்பகல் சவாரியை விட்டால் என் கூலி போகுமே, சார்" என்றான். "விடச் சொல்லவில்லை தம்பி. காலை ஏழரைக்கு மாற்றலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார். குதிரை விழுந்தால் அவருக்கும் நட்டம்தானே" என்றேன்.

சென்ற வாரம் கடைத்தெருவில் என்னைக் கண்டு ஓடிவந்தான். முதலாளி சம்மதித்துவிட்டாராம். கூலியும் குறையவில்லையாம்.

வாயில்லாச் சீவன் விடுப்புக் கேட்காது. அதற்காகக் கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நம்முடையதாக இருக்கட்டும்.