எங்களை யாரு கேக்கறாங்க?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பாறைமேல் கடுக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. விரல் நுனியெல்லாம் கறை. “இதெல்லாம் எங்கம்மா போகுது?” என்று கேட்டோம். “தோல் பதம் பண்ற எடத்துக்குங்க. ஏவாரி வந்து எடுத்துக்குவாரு. வெலையும் அவரு சொல்றதுதான். எங்களை யாரு கேக்கறாங்க?” என்றபடி காய்களைப் புரட்டிவிட்டார்.

அவருடைய கடைசிச் சொற்களைத்தான் இந்த இதழின் தலைப்பாக வைத்திருக்கிறோம். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வரும் ஷூ ஆலை விஷயத்திலும் அதே கேள்விதான் எழுகிறது.

2023 ஏப்ரல் 17 அன்று தைவானின் பௌ சென் குழுமத்தோடு தமிழ்நாடு அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் ரூ.2,302 கோடி முதலீட்டில் ஷூ தொழிற்சாலை, 20,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. நைக்கி, அடிடாஸ் போன்ற கம்பெனிகளுக்குப் பல நாடுகளில் ஷூ தைத்துக்கொடுக்கும் குழுமம் அது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் போன்ற ஒருசிலவற்றை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆலை இல்லாத மாவட்டம் இது. மலையில் சாமையும் மரவள்ளியும் போட்டுவிட்டு, கையில் காசு வேண்டுமென்றால் கேரளத்துக்கும் குடகுக்கும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம் மக்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயமல்ல. தொழிற்சாலை வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை, வரட்டும்.

ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான நான்காம் நாள், ஏப்ரல் 21 அன்று, சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. மற்றொன்று, ஏரி, ஓடை, வாய்க்கால் உள்ளிட்ட நிலங்களைப் பெரிய திட்டங்களுக்காக ஒருங்கிணைக்கும் சட்டம். அது நிலைத்துவிட்டது. இந்த இரண்டிலும் கை வைக்கப்பட்டவை ஒரு தொழிலாளியின் தூக்கமும் ஒரு ஊரின் தண்ணீரும். பாதிக்கப்படும் எவரையும் எந்த ஊரிலும் கூட்டிவைத்துக் கேட்கவில்லை.

முன்கூட்டியே கேட்பதற்குத்தான் உலகம் ‘மனித உரிமைத் தாக்க மதிப்பீடு’ என்று பெயர் வைத்திருக்கிறது. 2011இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள், ஒரு நிறுவனம் தன் தொழிலால் யாருடைய உரிமை பாதிக்கப்படும் என்பதைத் தானே தேடி அறிந்து, தடுத்து, தவறினால் ஈடு செய்ய வேண்டும் என்கின்றன. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் இது சட்டம். அந்நாட்டுப் பெரிய கம்பெனிகள், தங்களுக்குப் பொருள் செய்துகொடுக்கும் வெளிநாட்டு ஆலைகளையும் கவனிக்கக் கடமைப்பட்டவை. நம்மிடமும் ஒரு கதவு இருந்தது. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சமூகத் தாக்கத்தை ஆய்வு செய்து, பாதிக்கப்படும் ஊரிலேயே கூட்டம் போட்டுக் கேட்டு, அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என்றது. தமிழ்நாடு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் தேவைக்கான நிலமெடுப்புக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின்படி. ஊரைக் கேட்கும் வேலை இல்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லாது என்றது. அதே ஆண்டு இன்னொரு சட்டம் போட்டு அரசு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆட்சிகள் மாறின, விலக்கு மாறவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரியில் உட்கார்ந்தார்கள். ஆலைக்குள் எல்லாம் முறைப்படி இருந்திருக்கலாம். ஆனால் வேலை முடிந்து அந்தப் பெண் எங்கே படுக்கிறாள், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் மதிப்பீடு. திண்டுக்கல் வட்டாரத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகுதான், தொழிற்சங்கமும் ஆலையும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் 2022இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. தளத்தில் வேலை செய்யும் பெண்களே பாலியல் தொல்லையைக் கண்காணிக்கும் ஏற்பாடு அதில் வந்தது. ஒரு உயிர் போன பிறகு வந்தது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது பௌ சென் குழுமத்துக்கும் தெரியும். 2014 ஏப்ரலில் சீனாவின் டோங்குவான் ஆலைகளில், சமூகக் காப்பீட்டுத் தொகையைச் சரியாகக் கட்டவில்லை என்று பல்லாயிரம் தொழிலாளர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

நம் மாவட்டத்திலும் சாவுக்குப் பிறகுதான் கேள்வி வந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையொட்டித்தான் உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. ரோடு இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா, நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிப்போகிறார்களா என்றெல்லாம் விசாரிக்க, கீழே அத்தனை பாடைகள் புறப்பட வேண்டியிருந்தது.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் வேறு மாதிரி நடந்தது. வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் வெட்டலாமா என்பதை மலைவாழ் மக்களின் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின. 12உம் வேண்டாம் என்றன. அந்த மலை இன்றும் நிற்கிறது. நாங்கள் அறிந்த வரையில் இந்தியாவில் நடந்த மிக நேர்மையான மதிப்பீடு அதுதான். எந்த ஆலோசனை நிறுவனமும் எழுதியதல்ல.

உளுந்தூர்பேட்டைக்குச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கேட்கத் தடையில்லை. மாவட்ட நிர்வாகமும் கம்பெனியும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டைச் செய்து, தமிழில் அச்சிட்டு, சுற்றுக் கிராமங்களிலும் கல்வராயன் மலை ஊராட்சிகளிலும் வாசிக்க வேண்டும். ஆலைக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து, எந்த ஆழ்துளையிலிருந்து? கழிவு எங்கே போகும்? பசையின் ஆவி பெண்களின் நுரையீரலுக்கு என்ன செய்யும், அதை யார் சோதிப்பார்கள்? ராத்திரி ஷிஃப்ட் முடித்த பெண்ணை பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா, வீட்டு வாசலிலா? நிரந்தர வேலையா, ஒப்பந்தக்காரர் மூலமா? சங்கம் வைத்தால் வேலை நிலைக்குமா? கல்வராயன் மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி மேற்பார்வையாளர் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவாள்?

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோய் வாசியுங்கள், தீர்மானப் புத்தகத்தில் பதிய வையுங்கள். நகலை எங்களுக்கு அனுப்புங்கள். வரும் ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயரோடு இந்த இதழில் அச்சிடுவோம்.