பல்லு டொக்டரைப் பூச்சாண்டி ஆக்கினது யாரு?

"சாப்பிடாட்டி டொக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." இதைக் கேட்காம வளர்ந்தவங்க நம்மில் எத்தனை பேர்? சோறு ஊட்ட, தூங்க வைக்க, அழுகையை நிறுத்த, எல்லாத்துக்கும் நாம கூப்பிடுற பூச்சாண்டி டொக்டர்தான். பிறகு ஒருநாள் அதே டொக்டர் முன்னால பிள்ளையை உட்கார வச்சு, "பயப்படாம வாயைத் திற"ன்னு சொல்றோம். எப்படித் திறக்கும்?

நம்ம குழுவில் ஒருத்தரோட தம்பிக்கு ஆறு வயசு. கடைவாய்ப் பல் வலியில ரெண்டு ராத்திரி தூங்கல. கிராம்பு வச்சுப் பார்த்தாங்க, பனடோல் கொடுத்தாங்க. கன்னம் வீங்கின பிறகுதான் பஸ் ஏறினாங்க. அவன் பல்லு டொக்டரை முதன்முதலா பார்த்த நாளே பல்லைப் பிடுங்கின நாள். டொக்டர் அன்பாத்தான் பேசினார், ஆனா சிங்களத்தில. அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கல. இப்போ பல் வலிச்சாலும் அவன் யாருகிட்டயும் சொல்றதில்லை. நமக்குக் கவலையே அதுதான்.

நாம சொல்ல வர்றது இதுதான்: ஒரு பிள்ளையோட முதல் பயணம், எந்த வலியும் இல்லாத நாள்லதான் இருக்கணும். ஒரு வயசுக்குள்ளேயே முதல் தடவை காட்டணும்னு பல் வைத்தியர்கள் சொல்றாங்க. நம்ம வீடுகள்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க. "விழப்போற பல்லுதானே?" பால்பற்கள் 20. அதில் பின்பற்கள் விழ 10, 12 வயசாகும். அதோட ஆறு வயசு வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால புதுசா ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால்பல்னு நினைச்சு விட்டுடுறோம். அது நிரந்தரப் பல். போனா திரும்ப வராது.

கண்டியில இருக்கிற நமக்கு இடம் இல்லைன்னு சொல்ல முடியாது. பேராதனையில பல் போதனா வைத்தியசாலை இருக்கு. பாடசாலைப் பிள்ளைகளுக்குன்னே அரசாங்கப் பல் சிகிச்சை நிலையங்கள் இருக்கு. அரசாங்கத்தில பார்க்கிறது இலவசம். ஆனா தெல்தோட்டையிலயோ கலஹாவிலயோ தோட்டத்தில வேலை செய்ற ஒரு அம்மாவுக்கு, அந்த ஒரு பயணம்னா ஒருநாள் சம்பளம் போச்சு. வலி இல்லாத பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்களுக்குப் புத்தி சொல்றது சுலபம். கிளாசுக்கும் வேலைக்கும் டவுனுக்குப் போற அக்கா, அண்ணன் நாமதானே? ஸ்கூல் லீவில நாம கூட்டிட்டுப் போகலாம்.

போறதுக்கு முந்தி வீட்டிலேயே ஒரு விளையாட்டு. சொல்லு, காட்டு, பிறகு செய். 1959லேயே எழுதி வைக்கப்பட்ட முறை, இன்னைக்கும் பிள்ளைகளுக்கான பல் வைத்தியத்தில இதுதான் அடிப்படை. கரண்டியும் டோர்ச்சும் போதும். "கண்ணாடியால பல்லை எண்ணப் போறாங்க"ன்னு சொல்லுங்க. கரண்டியைக் காட்டுங்க. பிறகு எண்ணுங்க. அடுத்து தம்பி டொக்டர், நீங்க நோயாளி. கதிரை மேல போகும், கீழ வரும், குழாய் எச்சிலை உறிஞ்சும்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. "வலிக்கவே வலிக்காது"ன்னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்க. ஒருதடவை பொய்யாகிட்டா அடுத்த தடவை நம்ப மாட்டான். "கஷ்டமா இருந்தா கையைத் தூக்கு"ன்னு சொல்லிக் கொடுத்து, அதை டொக்டர்கிட்டயும் சொல்லி வைங்க.

அப்படியே ரெண்டு சிங்கள வார்த்தையும் பழக்கிடுங்க. "கட அரின்ன"ன்னா வாயைத் திற. "ரிதெனவாத"ன்னா வலிக்குதா.

ஆனா வாயைத் திறக்க ஒரு தமிழ்ப் பிள்ளை சிங்களம் படிக்கணும்ங்கிறது நியாயமில்ல. 1987ல் வந்த 13ஆவது திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நாம பெரிசா எதுவும் கேட்கல. கண்ணாடி, குழாய், கதிரை எல்லாத்தையும் படத்தோட, ரெண்டு மொழியிலயும் காட்டுற ஒரு தாளைப் பல் சிகிச்சை அறைச் சுவரில் ஒட்டினா போதும். டொக்டர் விரலால காட்டுவார், பிள்ளை வாசிக்கும். பேராதனையில பல் வைத்தியம் படிக்கிற தமிழ் பேசும் நண்பர்களே, இதை ஒரு பின்னேரத்தில எழுதிடலாம். நாங்க படம் வரையத் தயார்.

அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி வீட்டில யாராவது "ஊசி போடச் சொல்லுவேன்"னு ஆரம்பிச்சா, தடுத்து நிறுத்துங்க.