பேட்டரிப் பெட்டிக்குக் காப்புரிமை: தீப்பிடிக்காது என்று அர்த்தமா?

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிப்பது அச்சகம். பட்டாசுக்கு அனுமதி தருவது வெடிபொருள் இலாகா. இரண்டையும் அங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பேட்டரி விஷயத்தில்தான் குழப்பம்!

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தனர்.

தீயை அடக்கும் புதுப் பேட்டரிப் பெட்டியை விருதுநகர்க்காரர் ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமை மனு சென்னை கிண்டிக்குப் போகும். பரிசோதகர் என்ன பார்ப்பார்? இது புதியதா? தொழில் தெரிந்த எவருக்கும் சுலபமாகத் தோன்றக்கூடியதா? தொழிலுக்கு உதவுமா? அவ்வளவுதான். பெட்டியைக் கொளுத்திப் பார்ப்பதில்லை. தேறினால் மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை.

தீச்சோதனை வேறு இடத்தில் நடக்கிறது. மின்சார இருசக்கர வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாயின. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அந்தச் சான்றுதான்.