அதே பத்துப் பாட்டுத்தான். அதிலென்ன குறை?

மார்ச் முடிகிறது. பிக் மெட்ச் காலமும் அநேகமாக முடிந்துவிட்டது. முகநூலில் வருடாந்தப் புலம்பல் தொடங்கிவிட்டது. "ஐம்பது வருசமாக அதே பத்துப் பாட்டு. பப்பரே என்ற பெயரில் காது கிழிகிறது. இதற்கு ஒரு முடிவே வராதா?"

இம்முறை இப்படி எழுதியவர்களில் எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாங்கள் படிப்பித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

குற்றச்சாட்டு மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்: "தரமில்லை, புதுமையில்லை." தமிழ் உணர்வாளர்கள் சொல்கிறார்கள்: "இது நம்முடையதே இல்லை, போர்த்துக்கேயன் விட்டுப்போன பைலா." எங்கள் சமூகத்துச் சிலர் சொல்கிறார்கள்: "முஸ்லிம் பிள்ளைக்கு இந்தக் குழலூதலில் என்ன வேலை?" ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது, தரம்.

கொட்டாஞ்சேனையில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒருவரை எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும். ஞாயிறு சேர்ச் திருநாள், திங்கள் யாரோ ஒருவரின் இறுதி ஊர்வலம், வெள்ளி சனி மெட்ச் என்று வாழ்கிற மனிதர். "ஏன் புதுப் பாட்டு வாசிப்பதில்லை?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டோம். சிரித்தார். "வருசா வருசம் நாலு புதுப் பாட்டு பழகுறம் சேர். அடுத்த வருசம் அத யாரும் கேக்கிறதில்ல. சுராங்கனி வாசிக்காட்டித்தான் அடிக்க வருவாங்க."

இந்தப் பதிலை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலிருந்து சொல்லை எடுத்துவிடுங்கள். பாடகரின் குரலை எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோவில் அடுக்கிய நாற்பது சத்தங்களையும் எடுத்துவிடுங்கள். மூன்று பிஸ்டன் உள்ள ஒரு பித்தளைக் குழலையும், ஒரு மனிதனின் மூச்சையும், இரண்டு மேளத்தையும் ஒரு சோடித் தாளத்தையும் மட்டும் மிச்சம் வையுங்கள். அதைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானோர் கத்துகிற திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், மதிய வெயிலில் வாசியுங்கள். முதல் நாலு சுரத்தில் கூட்டம் பாட்டைக் கண்டுபிடிக்கிறதா? கண்டுபிடித்தால் அது பாட்டு. இல்லாவிட்டால் அது வெறும் ஒலிப்பதிவு.

இந்தச் சோதனையில் பெரிய பெரிய இசையமைப்பாளர்களின் பாட்டுகள் விழுந்திருக்கின்றன. மீன் கொண்டு வருவதைப் பற்றிய ஒரு சின்னப் பாட்டு விழவில்லை. காரணம் இருக்கிறது. அதன் ஒவ்வோர் அடியும் ஒரு மூச்சுக்குள் அடங்கும். ஓர் அடி கேள்வி போல எழும், அடுத்த அடி பதில் போல இறங்கும். மெட்டு எட்டாத உயரத்துக்குப் போவதில்லை, ஆகவே ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் சேர்ந்து பாடலாம். தாளம் பைலாவின் ஆறு எண்ணிக்கைத் தாளம். அதற்குக் கால் தானாகவே ஆடும். விக்கெட் விழுந்தால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலிருந்தும் தொடரலாம். இத்தனையும் அமைந்த ஒன்றைத் தரமில்லாதது என்று சொல்வதற்கு முன், இப்படி ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

"பழைய ஞாபகம்தான் இதைத் தாங்குகிறது" என்பார்கள். எங்கள் வகுப்பில் இருக்கிறவர்கள் 2010க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு எந்தப் பழைய ஞாபகம்? ஒரு பாடத்திலும் நாங்கள் இதைப் படிப்பிக்கவில்லை. பரீட்சைக்கு வராது. ஆனாலும் தெரிகிறது. நாங்கள் வருடம் முழுக்கக் கத்திப் படிப்பிப்பதில் பாதியாவது இப்படி மனதில் நின்றால் போதும் என்று ஏங்குகிறோம்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய 'சிக்காகோ' என்ற றொக் குழு, கிற்றாருக்குப் பக்கத்திலே ட்ரம்பெட், ட்ரொம்போன், சாக்ஸபோன் மூன்றையும் நிரந்தரமாக நிறுத்தியது. 1975இல் அவர்கள் தங்கள் பிரபலமான பாட்டுகளை ஒரே இசைத்தட்டாகத் தொகுத்தார்கள். புதிய சரக்கு ஒன்றுமில்லை, எல்லாம் கேட்ட பாட்டுகள். அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் குழு மேடையேறுகிறது, ரசிகர்கள் அதே பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள். அதை 'கிளாசிக்' என்று மரியாதையாகச் சொல்கிற எங்கள் கொழும்பு நண்பர்கள், மைதானத்துக் குழலைக் கண்டால் 'சீப்' என்கிறார்கள். வித்தியாசம் இசையில் இல்லை. வாசிப்பவரின் சட்டையில் இருக்கிறது.

இரண்டாவது, "நம்முடையது இல்லை."

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள். அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்த ஆட்டமும் பாட்டும்தான் பைலாவுக்கும் கஃப்ரிஞ்ஞாவுக்கும் வேர். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் அந்த ஆபிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் பாடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் ஆடுகிறார்கள். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் ஊர் ஊராக நிலைநிறுத்தினார். பிறகு எம்.எஸ். பெர்னாண்டோ, டெஸ்மண்ட் டி சில்வா, மொரட்டுவையிலிருந்து சுனில் பெரேராவின் ஜிப்சீஸ் என்று ஒரு வரிசையே வந்தது.

தமிழ் அப்போது சும்மா இருந்ததா? 1960களின் பிற்பகுதியில், அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே பொப் பாட்டாக்கினார். ஏ.ஈ. மனோகரன் சிங்களத்தையும் தமிழையும் ஒரே பாட்டில் கலந்து 'சுராங்கனி'யைப் பரப்பினார். 1977இல் இளையராஜா அதை 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் கொண்டுபோனார். கொழும்புத் தெருவிலிருந்து கோடம்பாக்கத்துக்குப் போன பாட்டு அது. வழக்கமாகச் சரக்கு மறுபக்கமாகத்தான் வரும். தமிழகம் எங்களிடமிருந்து கேட்டு வாங்கிய ஒன்றை, இங்கிருந்துகொண்டே "நம்முடையதில்லை" என்கிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

போர்த்துக்கேயன் கொண்டுவந்தது என்றால் தள்ள வேண்டுமாம். அப்படியானால் நாளை காலை பாணையும் தள்ளுங்கள். அலுமாரியையும் ஜன்னலையும் தள்ளுங்கள். அவையும் அதே கப்பலில் வந்த சொற்கள்தான்.

மூன்றாவது, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல்.

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாத்தியமே வேண்டாம் என்று பேணுதலாக விலகி நிற்பவரை மதிக்கிறோம். அப்படியான பிள்ளையை எந்த ஆசிரியரும் கட்டாயப்படுத்தக் கூடாது, நாங்கள் கட்டாயப்படுத்தியதும் இல்லை. அவரோடு எங்களுக்கு வழக்கில்லை. கலியாண ஹோலில் ஹிந்திப் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு, இரவில் கொரிய நாடகத்தை விடிய விடியப் பார்த்துவிட்டு, மைதானத்து ட்ரம்பெட் சத்தம் கேட்டவுடன் மட்டும் மார்க்கம் ஞாபகம் வருகிறவரோடுதான் வழக்கு. எங்கள் ஊர்களில் பக்கீர் பாவாக்கள் றபானோடு வந்த காலத்தையும், சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்த மொஹிதீன் பேக் பாடிய பௌத்தப் பாட்டுகள் வெசாக் நாளில் இன்றும் தெருவெல்லாம் ஒலிப்பதையும் மறந்துவிட்டுப் பேச வேண்டாம்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. மெட்ச் காலத்தில் குடி இருக்கிறது. பெண்கள் பாடசாலை மதிலேறும் அட்டகாசம் இருக்கிறது. வீதியில் போகிறவரை மறித்துக் காசு கேட்பது இருக்கிறது. பழைய பாட்டுகள் சிலவற்றில் பெண்ணைக் கேலி செய்யும் வரிகளும் இருக்கின்றன. இவற்றைக் கண்டியுங்கள், நாங்களும் கூட நிற்கிறோம். பிள்ளைகளைக் கட்டுப்படுத்த வேண்டியது பெரியவர்களின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் ட்ரம்பெட்டின் மேல் பழியைப் போடுவது சோம்பேறித்தனம்.

இப்போது எங்களுக்கு உண்மையில் வலிக்கும் விசயத்துக்கு வருகிறோம்.

இந்தப் பாட்டுகள் நாட்டை ஒற்றுமைப்படுத்தின என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது பொய். 1970களில் இருமொழியிலும் எல்லாரும் சுராங்கனி பாடினார்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தது. பாட்டு யாரையும் காப்பாற்றவில்லை. மனோகரனும் பிறகு சென்னையில்தான் வாழ்ந்து 2018இல் அங்கேயே காலமானார்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் முறை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அத்தனை உயிர்கள் போன பிறகு, எங்கள் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை, எல்லாருடைய பைகளையும்தான் பார்த்தார்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்கள். பஸ்ஸில் வாய் திறக்கத் தயங்கின பிள்ளைகள். ஒரு சொல் பேசினால் மொழி தெரியும், பெயர் சொன்னால் மதம் தெரியும்.

அடுத்த மெட்ச் காலத்தில் எங்கள் பிள்ளைகள் சிலரை மைதானத்துக்குக் கூட்டிப்போனோம். வாயிலில் அமைதியாகத்தான் நின்றார்கள். உள்ளே குழல் தொடங்கியது. அந்த மெட்டுக்குச் சொல் தேவையில்லை, ஆகவே மொழி தெரியவில்லை. கை தட்டப் பெயர் தேவையில்லை, ஆகவே மதம் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சிங்களப் பிள்ளைகளின் வரிசையோடு எங்கள் வரிசையும் கலந்துவிட்டது. ட்ரம்பெட் வாசித்தவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தன் சுற்றத்தில் யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் தொப்பியை அவர் பார்த்தார். வாசிப்பை நிறுத்தவில்லை. அவர்கள் பக்கம் திரும்பி இன்னொரு முறை வாசித்தார்.

சமாதானம் என்று இதற்குப் பெயர் வைக்க நாங்கள் தயாரில்லை. அது பெரிய சொல். ஆனால் இந்த நாட்டில் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பொருட்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று இந்தப் பத்துப் பாட்டு. அதையும் 'தரம்' என்றும் 'தூய்மை' என்றும் 'பேணுதல்' என்றும் சொல்லி ஆளுக்கொரு பக்கமாக வெட்டி எறிந்துவிட்டு, பிறகு என்னத்தை வைத்துக்கொண்டு ஒன்றாக உட்காரப்போகிறோம்?

முடிவாக, அலுத்துப்போனவர்களுக்கு மூன்று வேண்டுகோள். புதுப் பாட்டு வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். ட்ரம்பெட்டில் வாசித்துப் பார்த்துச் செய்யுங்கள். மெட்ச் ஏற்பாடு செய்யும் பழைய மாணவர் சங்கங்களே, விருந்துக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கையாவது வெயிலில் நாள் முழுக்க ஊதுகிறவருக்குக் கொடுங்கள். தண்ணீரும் நிழலும் கேட்டுப் பெறுகிற நிலையில் அவரை வைக்காதீர்கள். ஆசிரியர்களே, இந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தன, யார் பாடினார்கள் என்று ஒரு பாடவேளையாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிரம்பியடியிலிருந்து தொடங்கினால் வரலாற்றுப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

மற்றபடி, அடுத்த மார்ச்சிலும் அதே பத்துப் பாட்டுத்தான். நாங்கள் பிள்ளைகளோடு போவோம். நீங்களும் வாருங்கள். காதைப் பொத்திக்கொண்டாவது வாருங்கள். கால் என்ன செய்கிறது என்று பிறகு பார்ப்போம்.