கொழுந்து விலை ஒரு பக்கம். கடை விலை மறு பக்கம்!

கூடலூர்க் குடும்பங்களின் வரவும் செலவும்

"தேயிலை விளைகிற ஊரில் காசுக்கு என்ன பஞ்சம்?" என்று சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. மலை முழுவதும் பச்சைப் பசேல் என்று தேயிலை. பார்ப்பதற்குக் கண் கொள்ளாக் காட்சி! ஆனால், அந்தத் தேயிலைக்கு நடுவே அடுப்பு மூட்டும் தாய்மார்களுக்கு மாதக் கடைசியில் வருகிற கவலை, மற்ற ஊர்த் தாய்மார்களுக்கு வருகிற கவலைதான். சொல்லப்போனால், அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஏன் அதிகம்? காரணம் கடை விலை மட்டும் அல்ல. வீட்டுக்குள் வரும் பணம் எதைப் பொறுத்து ஏறுகிறது, எதைப் பொறுத்து இறங்குகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

விளைவது விற்க, தின்பது வாங்க

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது கூடலூர். இங்கிருந்து ஒரு சாலை ஊட்டிக்கு ஏறுகிறது. ஒரு சாலை முதுமலைக் காட்டைக் கடந்து மைசூருக்குப் போகிறது. வேறு சாலைகள் கேரளத்துக்குப் போகின்றன. மூன்று மாநிலத்து ஜனங்களும் சரக்குகளும் சந்திக்கும் இடம் இது.

இங்கே விளைவது தேயிலை, காபி, மிளகு, இஞ்சி, வாழை. கொஞ்சம் நெல் வயலும் உண்டு. அது ஊருக்குப் போதாது. ஆகவே அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம் எல்லாம் மலை ஏறித்தான் வர வேண்டும். லாரி வாடகையும் சாமான் விலையோடு சேர்ந்து ஏறுகிறது.

பந்திப்பூர்க் காட்டு வழியில் 2009-ஆம் ஆண்டிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. யானையும் மானும் வண்டியில் அடிபட்டுச் சாகக் கூடாது என்பதற்காக வந்த தடை அது. நல்ல நோக்கம்தான். ஆனால், லாரிகள் நேரம் பார்த்துத்தான் ஓட வேண்டும். மழைக்காலத்தில் மலைப் பாதையில் மண் சரிந்தால், சாமான் வருவது இன்னும் தாமதம்.

ரேஷன் கடை தாங்கும் பாரம்

அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் 2021-இல் வந்தது. அப்போது மலைப் பகுதிகளுக்கு அது கிடைக்கவில்லை. 2024-இல்தான் மலைக்கும் ஏறி வந்தது.

இவையெல்லாம் பெரிய உதவி. இவை இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிவதே கஷ்டம். ஆனால், வயிறு மட்டுமா குடும்பம்?

தொழிலாளர் குடும்பங்களின் செலவை மத்திய அரசின் தொழிலாளர் துறை கணக்கெடுக்கிறது. இந்தியா முழுவதும் 88 ஊர்களில் விலை விசாரிக்கிறார்கள். அவற்றில் நீலகிரியின் குன்னூரும் ஒன்று. 2001-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு தொழிலாளர் குடும்பம் 100 ரூபாய் செலவிட்டால், அதில் 46 ரூபாய் சாப்பாட்டுக்குப் போயிற்று. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 39 ரூபாயாகக் குறைந்தது.

மிச்சம் 61 ரூபாய் எங்கே போகிறது? வீட்டு வாடகை, டாக்டர், பள்ளிக்கூடம், துணிமணி, பஸ், செல்போன் என்று போகிறது. இவற்றுக்கு ரேஷன் கடை இல்லை!

மூன்று வீடுகள், மூன்று கணக்கு

கூடலூரில் ஒரே விலைவாசிதான். ஆனால், எல்லா வீட்டையும் அது ஒரே மாதிரி அடிப்பதில்லை.

முதலாவது, தோட்டத் தொழிலாளியின் வீடு. இவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். 1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசாங்கமே தேயிலை பயிரிட்டது. அதுதான் பிறகு 'டான்டீ' என்ற அரசுக் கம்பெனி ஆயிற்று. சேரம்பாடி, தேவாலா, நடுவட்டம் பக்கங்களில் அதன் தோட்டங்களைப் பார்க்கலாம்.

தோட்டத் தொழிலாளிக்குக் கூலி உண்டு. குடியிருக்க வீடும் உண்டு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பு ஆக்கியது. ஆனால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாழ்நாள் முழுவதும் வாடகை கொடுத்தறியாத குடும்பம், வருமானம் நின்ற பிறகு முதல் தடவையாக வாடகை வீடு தேடுகிறது. என்ன கொடுமை!

இரண்டாவது, பழங்குடி மக்களின் வீடு. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் ஆகியோர் இந்த மண்ணின் பழைய குடிகள். இன்று பலருக்குத் தினக்கூலிதான் ஜீவனம். இவர்களுக்குப் பெரிய பயம், வியாதி. ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு நஷ்டம். மருந்துச் செலவு ஒன்று. போன கூலி இன்னொன்று.

இதற்கு இவர்கள் ஒரு வழி கண்டார்கள். 1990-இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. 1992-இல் பழங்குடி மக்களுக்கு மருத்துவக் காப்பீடும் வந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் கட்டுவது. உடம்பு படுத்தும்போது அதிலிருந்து உதவி பெறுவது. இதுதான் ஏற்பாடு.

மூன்றாவது, சிறு தேயிலை விவசாயியின் வீடு. ஒன்று அல்லது இரண்டு ஏக்கர் சொந்தத் தேயிலை வைத்திருப்பவர். ஊரார் கண்ணுக்கு இவர் முதலாளி! ஆனால், மூன்று வீட்டிலும் விலைவாசியால் அதிகம் ஆட்டம் காண்பது இவர் வீடுதான்.

நூறு கிலோ கொழுந்து

எப்படி? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம்.

100 கிலோ கொழுந்து. கிலோ 15 ரூபாய் என்றால் வரவு 1,500 ரூபாய். பறிக்க மூன்று ஆள். ஆளுக்கு 400 ரூபாய் என்றால் கூலி 1,200 ரூபாய். மிச்சம் 300 ரூபாய். உரமும் மருந்தும் வண்டி வாடகையும் இதிலிருந்துதான்.

அதே கொழுந்து கிலோ 25 ரூபாய்க்குப் போனால் வரவு 2,500 ரூபாய். கூலி அதே 1,200. மிச்சம் 1,300 ரூபாய்.

விலை 25-லிருந்து 15-க்கு இறங்கினால், குறைவது பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால், வீட்டுக்கு வரும் பணம் 1,300-லிருந்து 300-க்கு விழுந்துவிடுகிறது! அந்த மாதத்தில் பள்ளிக்கூடச் சம்பளம் எப்படிக் கட்டுவது? கடன்தான்.

இந்த விலையை விவசாயி முடிவு செய்வதில்லை. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதை வைத்துத்தான் கொழுந்துக்கு விலை. ஏல விலையோ உலகச் சந்தையைப் பார்த்து ஆடுகிறது. தென்னிந்தியத் தேயிலையை ஏராளமாக வாங்கிய நாடு ரஷ்யா. அங்கே 1998-இல் பணத்தின் மதிப்பு சரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நீலகிரியில் கொழுந்து விலை படுபாதாளத்துக்குப் போயிற்று. எங்கேயோ இருக்கும் மாஸ்கோவில் இடி இடித்தால், கூடலூர் அடுப்பில் மழை பெய்கிறது!

ஒரு குட்டி நாட்டின் வழி

விலை ஏறும்போது வரவும் ஏற வழி உண்டா? உண்டு என்று காட்டுகிறது ஒரு குட்டி நாடு. இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா. அதன் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். நீலகிரி மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு!

அங்கேயும் தானியம், எண்ணெய், பெட்ரோல் எல்லாம் வெளியிலிருந்து கப்பலில் வர வேண்டும். குடிநீரில் பெரும் பகுதியைக் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். விலைவாசிக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால், 1990-இலிருந்து அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் கூடிச் செய்தது. சாமான்களின் விலை ஓர் ஆண்டில் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். அதற்குத் தக்கபடி ஒரு தொகையை எல்லாத் தொழிலாளர்களுக்கும் வாரச் சம்பளத்தில் கூட்டுகிறார்கள். அதிகாரிக்கும் அதே தொகை. கடைப் பையனுக்கும் அதே தொகை. 2022-இல் அது வாரத்துக்கு 1 யூரோ 75 சென்ட். விலைவாசி எகிறியதால் 2024-இல் 12 யூரோ 81 சென்ட் ஆயிற்று.

அதுவும் ஏழைகளுக்குப் போதவில்லை. ஏழைக் குடும்பம் சம்பாதிப்பதில் பெரும் பகுதி சாப்பாட்டுக்கே போகிறது அல்லவா? ஆகவே 2022 கடைசியில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தனியாக ஒரு கூடுதல் உதவியையும் அந்த அரசு தொடங்கியது.

கூடலூருக்கு எது பொருந்தும்?

தோட்டத் தொழிலாளிக்கு மால்டாவின் வழி பொருந்தும். கூலியை விலைவாசியோடு கட்டினால் போதும்.

ஆனால், சிறு விவசாயிக்குச் சம்பளம் கொடுக்க முதலாளி ஏது? அவருக்குக் கொழுந்து விலைதான் சம்பளம். அதனால்தான் 2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் விலை நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

ஒரு முயற்சி முன்பே நடந்தது. 2003-இல் மத்திய அரசு விலை நிலைநிறுத்த நிதி ஒன்றைத் தொடங்கியது. 500 ரூபாய் கட்டிச் சிறு விவசாயி சேரலாம். நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் அவர் பணம் போட வேண்டும். விலை விழுந்த ஆண்டில் அரசு போடும். சேர்ந்தவர்கள் குறைவு. 2013-இல் திட்டம் முடிந்துபோயிற்று.

திட்டம் தோற்றது, யோசனை தோற்கவில்லை. நல்ல நாளில் சேர்த்து, கெட்ட நாளில் எடுப்பது என்ற அதே யோசனையைத்தான் கூடலூரின் பழங்குடி மக்கள் வியாதிக்குக் கையாண்டார்கள். அங்கே அது நிலைத்தது. காரணம், ஜனங்களுக்கு அது புரிந்தது, அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கொழுந்து போடும் கூட்டுறவுத் தொழிற்சாலையிலேயே அப்படி ஒரு நிதி இருந்தால், விவசாயி அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இலவச அரிசி பசியை ஆற்றும். கடன் வாங்காமல் பிள்ளையைப் படிக்க வைக்க, நாளைக்கு என்ன வரும் என்று இன்றைக்கே தெரிந்த வரவு வேண்டும். கூடலூர்த் தாய்மார்கள் கேட்பது மலிவு விலை மட்டும் அல்ல; நிலையான வரவு.